‘இளைச்சுட்டீங்களே!’ என்று நான் சொன்ன வாரங்கள்

வெட்டுவதும் தைப்பதும் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மிச்சமிருப்பது கை பழகப் பழக வந்துவிடும். அதில் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. குன்னூரில் ஒரே கடையில் முப்பத்தோரு வருஷம் பெண்களுக்குத் துணி தைத்தேன். கழுத்து வலி தாங்காமல் போன வருஷம் நின்றுகொண்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி முதலாளியம்மா கேட்டார். என் பெருமையை எழுதினால் உங்களுக்கு உபயோகமில்லை. நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன்.

அதற்கு முன் சின்னதாக ஒன்று. வேலைக்கு வந்த புதிதில் நான் டேப்பைப் பிடித்து அளவைச் சத்தமாகச் சொல்வேன், இன்னொரு பெண் நோட்டில் எழுதுவாள். ஒரு நாள் ஒரு பெண்ணுக்கு இடுப்பு அளவைக் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்களோ தெரியாது. அந்தப் பெண் திரையை விலக்கிக்கொண்டு வந்து, கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அளவை நானே மனதில் வைத்து நானே எழுதினேன். இனி என் வாயால் யார் மனமும் நோகாது என்று நினைத்துக்கொண்டேன். புண்படுத்தும் வார்த்தை என்றால் அது இழிவாகத்தான் இருக்கும் என்று அப்போது எனக்கு ஒரு எண்ணம். பாராட்டும் அதைச் செய்யும் என்று தெரிந்துகொள்ள இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

நந்தினி வந்தது ஒரு கார்த்திகை மாதத் தொடக்கத்தில். ஊர் கோபி பக்கம். கணவர் சரவணனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. கேத்தியில் வாடகை வீடு. நந்தினியும் அதே ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க், அப்போது பிரசவ லீவில் இருந்தாள். மூன்றரை மாதப் பெண் குழந்தையைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் ஒரு பையோடு வந்தாள். பைக்குள் அவளுடைய கல்யாண பிளவுஸ் இருந்தது. கல்யாணச் சேலையிலிருந்தே எடுத்துத் தைத்த அரக்குப் பட்டு, முதுகிலும் கையிலும் ஆரி ஒர்க் பூவேலை.

“அக்கா, தை மாசம் எந் தம்பிக்குக் கல்யாணமுங்க. இணைச்சீர் நாந்தான் செய்யோணும். கல்யாணச் சேலையும் இதே பிளவுஸுந்தான் போடோணும்னு இருக்கறேன்” என்றாள்.

இணைச்சீர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் செய்யும் சீர் அது. அந்த நேரத்தில் மண்டபமே அவளைத்தான் பார்க்கும்.

போட்டுப் பார்த்தோம். ஊக்குக்கும் அதை மாட்டும் காஜாவுக்கும் நடுவே மூன்றரை இஞ்ச் இடைவெளி. உள்ளே தையலில் விட்டிருந்த துணியும் போதாது. புதிதாக ஒன்று தைத்துக்கொள்ளலாம் என்றேன்.

“அளவே எடுக்க வேண்டாமுங்க. பிளவுஸை அப்படியே வெச்சிருங்க. எட்டு வாரம் இருக்குதில்லீங்களா? நான் இளைச்சு வந்தர்றேன்.”

எதற்கு இத்தனை அவசரம் என்று கேட்டேன். முதலில் சிரித்து மழுப்பினாள். அப்புறம் சொன்னாள். சித்தி மகள் வீடியோ காலில் இவளைப் பார்த்துவிட்டு, ‘இணைச்சீருக்கு மேடை தாங்குமாடி?’ என்று கேட்டிருக்கிறாள். கூட இருந்தவர்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். “நானுந்தான் சிரிச்சேன்” என்றாள்.

அந்த இடத்தில் நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: “அப்பச் சரி அம்மிணி. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வாங்க. வாரா வாரம் அளந்து நோட்டுல எழுதி வெக்கறேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கை பாத்தர்லாம்.” அவளை உற்சாகப்படுத்துகிறேன் என்று எனக்கு நினைப்பு.

அதே நாளில் குழந்தைக்கும் பட்டுப் பாவாடை சட்டைக்கு அளவு எடுத்தேன். கல்யாணத்துக்குள் குழந்தை வளர்ந்துவிடும் என்பதால் எல்லா இடத்திலும் கொஞ்சம் கூட்டி வெட்டினேன்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் தவறாமல் வந்தாள். முதல் வாரம் அரை இஞ்ச் குறைந்திருந்தது. அடுத்த வாரமும் குறைந்தது. நான் நோட்டைத் திருப்பி அவளிடம் காட்டுவேன். அவள் முகம் மலர்ந்துபோகும். எனக்கும் சந்தோஷம். “பாருங்க, நம்ம நந்தினி எப்படி இளைச்சுட்டா!” என்று கடையில் இருக்கிற மற்றவர்களிடம் சொல்வேன். அவர்களும் திரும்பிப் பார்த்து, என்ன செய்கிறாய், எப்படிச் செய்கிறாய் என்று கேட்பார்கள். குழந்தை பெற்ற பிறகு ஒரு பெண்ணைப் பார்த்து யாராவது இப்படி ஆசையாக விசாரித்திருப்பார்களா? எல்லாரும் குழந்தையைத்தான் கேட்பார்கள். அவள் அந்த வெள்ளிக்கிழமைக்காகவே வாரம் முழுக்கக் காத்திருந்தாள் என்று பிற்பாடு அவளே என்னிடம் சொன்னாள்.

இப்போது நான் எழுதப்போவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முதல் இரண்டு வாரமும் அவள் உள்ளே ஒரு பருத்தித் துணியை மடித்து வைத்துக்கொண்டு வருவாள். பால் கசியும். போட்டுப் பார்க்கும்போது பட்டில் கறை படக்கூடாதே என்று நானே இன்னொரு துணி எடுத்துக் கொடுப்பேன். மூன்றாவது வாரத்திலிருந்து அந்தத் துணி இல்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, நல்லதாகப் போயிற்று, பட்டுக்குப் பயமில்லை என்று நினைத்தேன். கசிவு நிற்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, நாளாக ஆகப் பல பேருக்கு அது தானாகவே நிற்கும் என்று சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஒருவர் பிறகு விளக்கினார். இருந்தாலும் என் புத்தி பட்டுத்துணியோடு நின்றுபோனது என்பது உண்மை.

நான்காவது வாரம் அவள் கன்னம் ஒட்டியிருந்தது. ஐந்தாவது வாரம் நாற்காலியிலிருந்து எழுந்தவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். “பஸ்ல வந்தது தல சுத்துதுங்க” என்றாள். கேத்தியிலிருந்து குன்னூர் வரைக்கும் வளைவுகள் இருக்கத்தான் செய்கின்றன. நான் நம்பினேன். அன்றைக்கும் டேப் குறைத்துக் காட்டியது. அன்றைக்கும் பாராட்டினேன்.

ஆறாவது வெள்ளிக்கிழமை மார்கழிக் குளிர் கடுமையாக இருந்தது. கடையில் நல்ல கூட்டம். பொங்கலுக்கான துணிகள் குவிந்து கிடந்தன. நந்தினி திரைக்குப் பின்னால் போனவள் ஒரு நிமிஷத்தில் கூப்பிட்டாள். பிளவுஸில் கீழே மூன்று ஊக்கு மாட்டியிருந்தது.

“அக்கா, இன்னும் ஒரே ஒரு இஞ்ச்சுங்க! ரெண்டு வாரத்துல முடிச்சுருவேன்!”

குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அவள் உட்கார்ந்து பால் கொடுத்தாள். குழந்தை வாய் வைத்தது, விட்டுவிட்டு அழுதது, மறுபடி வைத்தது, மறுபடி விட்டது. “இந்தப் பக்கம் வா கண்ணு” என்று மாற்றிப் போட்டாள். அங்கேயும் அதேதான். நான் குழந்தையை வாங்கி, பட்டுச் சட்டையைப் போட்டுப் பார்க்கலாம் என்று மடியில் வைத்தேன். அழுகையாவது நிற்கட்டும் என்றுதான்.

சட்டைக் கையில் எலாஸ்டிக் வைத்திருந்தேன். போட்டதும் அது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் நழுவி வந்தது. தப்பாக வைத்துவிட்டோமோ என்று நோட்டை எடுத்துப் பார்த்தேன். தப்பு இல்லை. குழந்தையின் கையைச் சுற்றி டேப்பை வைத்தேன். மார்பைச் சுற்றி வைத்தேன். இரண்டு முறை வைத்தேன். மார்பளவு ஆறு வாரத்துக்கு முன்னால் எடுத்த அதே எண். கை அளவு முன்பைவிடக் கொஞ்சம் குறைவு.

ஒரே பக்கத்தில் அம்மாவின் அளவையும் குழந்தையின் அளவையும் என் கையாலேயே எழுதியிருந்தேன். அம்மாவின் எண்கள் வாரா வாரம் இறங்கியிருந்தன. மூன்றரை மாதத்திலிருந்து ஐந்து மாதத்துக்கு வந்த குழந்தை ஒரு நூல்கூடப் பெருக்கவில்லை.

நான் எழுந்து முதலாளியம்மாவிடம் போய்க் காதோடு சொன்னேன். அவர் நல்லவர்தான். ஆனால் அவருக்கும் அன்றைக்கு இருந்த கூட்டம் அப்படி. “நமக்கு எதுக்குங்க அது? டாக்டரா நாம? ஏதாவது சொல்லி, அவங்க மனசு விட்டுட்டா? துணியத் தெச்சுக் குடுத்தமா, விட்டமான்னு இருங்க” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் டாக்டர் இல்லை. குழந்தைக்கு வேறு ஏதாவது நோயும் இருக்கலாம். ‘நீ இளைச்சதாலதான் உன் குழந்தை இளைச்சுது’ என்று அந்தப் பெண்ணிடம் நான் எப்படிச் சொல்வது? இளைக்க இளைக்கக் கைதட்டியவளே நான்தானே?

திரைக்குப் பின்னால் திரும்பிப் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“அம்மிணி, காலைல என்ன சாப்பிட்டீங்க?”

“சாப்பாட்டப் பத்திக் கேக்காதீங்க்கா” என்று சிரித்தாள்.

“சும்மா சொல்லுங்க.”

“வரக்காப்பிங்க. மத்தியானம் முட்டைக்கோஸ் வேகவெச்ச தண்ணி. சாயங்காலம் ஒரு பவுடருங்க. ஃபோன்ல ஒரு குரூப்புல விக்கறாங்க. தண்ணில கலக்கிக் குடிச்சா பசியே வராது.”

“ராத்திரிக்கு?”

“அதே பவுடர்தானுங்க.”

“பாப்பாளுக்குப் பால் பத்துதுங்களா?”

அவள் சிரிப்பு நின்றுபோனது. “எந்நேரமும் அழுதுட்டே இருக்கறாங்க்கா. பல்லு மொளைக்குதுன்னு பக்கத்து ஊட்டுல சொன்னாங்க. குளிருன்னு அவரு சொல்றாரு. நானும் அப்படித்தான்னு…” என்று இழுத்தாள்.

குழந்தையை அவள் மடியில் வைத்து, “இந்தச் சட்டைக்கு அளவெடுத்து ஆறு வாரம் ஆச்சுங்க. இன்னிக்கு இது இவளுக்கு இறுக்கிப் பிடிக்கோணும். கையப் பாருங்க” என்றேன்.

எலாஸ்டிக்குக்குள் அவள் ஒரு விரலை விட்டாள். பிறகு இன்னொரு விரலையும் விட்டாள். இரண்டும் தாராளமாகப் போயின. அழவில்லை. மெதுவாக பிளவுஸின் மூன்று ஊக்குகளையும் கழற்றினாள்.

“எங்க போலாமுங்க்கா?” என்று கேட்டாள்.

மிஷினை மூடிவிட்டு அவளோடு கிளம்பினேன். ஆட்டோவுக்கு முதலாளியம்மாவே ஃபோன் செய்தார். கடைக்குக் கொஞ்சம் மேலே இருந்த சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸம்மா இருந்தார். எங்கள் கடையில்தான் யூனிஃபார்ம் தைப்பார், அதனால் பழக்கம். குழந்தையை நிறுத்துப் பார்த்து, தடுப்பூசி அட்டையில் இருந்த பழைய எடையோடு ஒப்பிட்டார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் நெடுநேரம் சோதித்தார். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, வேறு கோளாறும் இல்லை. குழந்தைக்கு வயிறு நிறையவில்லை, அவ்வளவுதான். இன்னும் தாமதித்திருந்தால் அட்மிட் செய்ய வேண்டி வந்திருக்கும் என்றார்.

நந்தினி அப்போதுதான் அழுதாள். “நாந்தானுங்களே இவளப் பட்டினி போட்டேன். எம் பிளவுஸுக்காக” என்றாள்.

நர்ஸம்மா அவளை உட்கார வைத்து, “பட்டினி கெடந்தது நீங்களுந்தான்” என்றார். “இளைக்க வேண்டாம்னு நான் சொல்லலீங்க. எல்லாருக்கும் அந்த ஆசை இருக்கும். ஆனா பால் குடுக்கறவங்களுக்கு மத்தவங்களவிடக் கொஞ்சம் கூடத்தான் சாப்பாடு வேணும். பவுடரத் தூக்கிப் போடுங்க, அதுல என்ன கலந்திருக்குன்னு வித்தவங்களுக்கே தெரியாது. மூணு வேளையும் சோறு, பருப்பு, கீரை, முட்டை சாப்பிடுங்க. நடுவுல பசிச்சா ராகிக் கூழோ கடலையோ. தாகத்துக்குத் தண்ணி. பாப்பா கேக்கறப்பல்லாம் குடுங்க, ராத்திரியும் குடுங்க. குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். நல்லாச் சாப்பிட்டு, வெயில்ல கொஞ்சம் நடந்தீங்கன்னா எடை மெதுவா எறங்கும். மெதுவா எறங்கறது பாலைத் தொடாது. அடுத்த வாரம் வாங்க, நிறுத்துப் பாப்போம். பத்தலைன்னா என்ன பண்றதுன்னு அப்பறம் யோசிக்கலாம்.”

நந்தினி மருந்துச் சீட்டு வாங்கப் போனபோது அவர் என் பக்கம் திரும்பினார். “வாரா வாரம் அளந்தது யாருங்க?”

“நாந்தான்.”

“கொறையக் கொறைய நல்லாருக்குன்னு சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

அவர் தலையாட்டினார், வேறொன்றும் கேட்கவில்லை. என் வேலைக் காலத்தில் என்னை யாரும் அதைவிடக் கடுமையாகத் திட்டியதில்லை.

சாயங்காலம் சரவணன் கடைக்கு வந்தார். கோபப்படுவார் என்று பயந்திருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, “ஊட்டுக்குள்ளயே இருக்கறேன். எனக்கே தெரியலீங்க” என்று மட்டும் சொன்னார். அடுத்த நாளிலிருந்து ஷிப்டுக்குப் போகும் முன் அவரே கூழ் காய்ச்சி வைத்துவிட்டுப் போனதாக நந்தினி சொன்னாள்.

குழந்தைக்கு வழி கிடைத்தது. பிளவுஸுக்குத்தான் கிடைக்கவில்லை. மறு வெள்ளிக்கிழமை குழந்தையின் எடை கொஞ்சம் ஏறியிருந்தது. நந்தினி கடைக்கு வந்து, “பிளவுஸக் குடுங்க்கா, எடுத்துட்டுப் போறேன். நான் இணைச்சீர் செய்யல. சித்தி மகளே செய்யட்டும்” என்றாள். நிதானமாகத்தான் சொன்னாள். தீர்மானம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

வேறு பிளவுஸ் தைக்கலாம் என்று நான் வாதாடவில்லை. அந்தச் சேலையும் அந்த பிளவுஸும் அவளுக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். ஒரு வழி இருந்தது. ஆனால் அதைச் சொல்ல எனக்கே தயக்கம். பக்கவாட்டில், அக்குளுக்குக் கீழே ஒரு துணிப் பட்டி வைத்துத் தைத்தால் அளவு கூடும், ஆரி ஒர்க்கும் கெடாது. அதற்கு அதே பட்டுத்துணி வேண்டும். அது ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. கல்யாணச் சேலையின் உள்முனையில், இடுப்பில் சொருகினால் வெளியே தெரியாத இடத்தில்.

“உள்முனைல ஒரு சாண் எடுத்தா இதச் சரி பண்ணிரலாம். ஆனா அது உங்க கல்யாணச் சேலை. கத்திரி வெக்கலாமா கூடாதான்னு நான் சொல்ல முடியாது. ஊட்டுல கேட்டுட்டு வாங்க” என்றேன்.

மறுநாள் அவள் சேலையைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தாள். உள்முனையைக் கையால் தடவிப் பார்த்தாள். குழந்தை பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தது.

“யாரையும் கேக்க வேண்டியதில்லீங்க” என்றாள். “வெட்டுங்க்கா.”

முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ பட்டு வெட்டியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் சாக்பீஸால் இரண்டு முறை கோடு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கத்திரி வைத்தேன். அளவை எப்படி எடுப்பது என்று அவள் கேட்டாள். டேப்பை நான் எடுக்கவே இல்லை. அவள் போட்டிருந்த பருத்தி பிளவுஸை வாங்கி வைத்துத் தைத்தேன். பால் கட்டினாலும் இறுக்கக்கூடாது என்று அதற்கும் மேலே கொஞ்சம் இடம் விட்டேன்.

கல்யாணம் முடிந்து வந்து அவள் சொன்னாள். சித்தி மகள் மண்டபத்தில் எல்லார் முன்னாலும், “இன்னும் இளைக்கலியாடி?” என்று கேட்டிருக்கிறாள். “பாப்பா பால் குடிக்கறா. அவ முடிச்சதுக்கு அப்பறம் மெதுவாப் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு இணைச்சீருக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாள். சொல்லும்போது மடியில் குழந்தை அவளுடைய தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பிஞ்சுக் கையில் சதை போட்டு மடிப்பு மடிப்பாக இருந்தது. குழந்தைக்கு ஒரு வயது தாண்டிய பிறகு நந்தினியும் இளைத்தாள். எப்போது, எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நான் கவனிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். வாய் திறக்கவில்லை.

இத்தோடு நிறுத்தினால் நான் நல்லவளாகத் தெரிவேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

நான் நந்தினியைக் கடையில் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்த வாரங்களில், சுடிதார் தைக்கக் கொடுத்திருந்த ஒரு பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். லவ்டேலில் குடியிருந்தவர். கைக்குழந்தைக்காரர். நந்தினியிடம் அவர் ஒரு ஃபோன் நம்பர் கேட்டார். எதற்கான நம்பர் என்று நான் விசாரிக்கவில்லை; பவுடர் விற்கும் குரூப்பின் நம்பர் அது. பேனா இல்லை என்றார். பில்லின் பின்பக்கத்தில் அதை எழுதிக் கொடுத்தது நான்.

சுகாதார நிலையத்திலிருந்து வந்த அன்றே அவருக்கு ஃபோன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். “எனக்கு நல்லாத்தான் இருக்கு. நீங்க உங்க தையல் வேலையப் பாருங்க” என்று வைத்துவிட்டார். மறுநாள் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நர்ஸம்மாவிடம் சொன்னேன். அந்தப் பக்கத்து நர்ஸிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். சுடிதாரை வேறு யாரோ வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் அதற்கப்புறம் கடைக்கு வரவில்லை. வீடு மாறிவிட்டதாகக் கேள்வி.

அவருடைய குழந்தை பையனா பெண்ணா என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகும் வயதிருக்கும்.